பரளியாறு: பிறப்பது எங்கே, பிரிவது எங்கே, கடலைச் சேர்வது எங்கே? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஏறி நிற்கிறவர்களில் பெரும்பாலோர் பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அடியில் ஓடுகிற ஆற்றின் பெயரைக் கேட்பவர்கள் குறைவு. அதுதான் பரளியாறு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே பிறந்து மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு ஆற்றோடு சேர்ந்துவிடுகிற சின்னக் காட்டாறு. ஆனாலும் நாஞ்சில் நாட்டு வயல்களும் கல்குளம் பக்கத்துக் குளங்களும் இதை நம்பித்தான் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் கேட்பதோடு, ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

பரளியாறு எங்கே இருக்கிறது? வரைபடத்தில் எப்படித் தேடுவது?

முதலில் பெருஞ்சாணி அணையைத் தேடுங்கள். அணைக்கு மேலே காட்டுக்குள் போகிற கிளைகள் ஆற்றின் மேல்பகுதி. அணைக்குக் கீழே புத்தன் அணை, பொன்மனை வட்டாரம், மாத்தூர் என்று தென்மேற்காக இறங்கி, திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் கோதையாற்றோடு கலக்கிற வரைக்கும் கீழ்ப்பகுதி. பரளியாறு, பறளியாறு, பஃறளியாறு என்று பலகைக்குப் பலகை எழுத்து மாறும். குழம்ப வேண்டாம், ஆறு ஒன்றுதான்.

எங்கே பிறக்கிறது?

மகேந்திரகிரி மலைத்தொடரில். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடியப்போகிற இடத்தில், 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற மலை அது. திருநெல்வேலி மாவட்டத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் எல்லையாக நிற்கிறது. அந்த முகட்டில் விழுகிற மழையில் கிழக்குச் சரிவில் இறங்குவது திருநெல்வேலிச் சீமைக்குப் போய்விடும். நம் பக்கச் சரிவில் இறங்குவதில் ஒரு பங்கு பரளியாறு ஆகிறது.

இதுதான் ஊற்று என்று விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் கிடையாது. பாறை இடுக்குகளிலும் இலைச் சருகு மூடிய ஈர மண்ணிலும் கசிகிற தண்ணீர், ஓடை ஓடையாகச் சேர்ந்து, பெருஞ்சாணிக்கு வரும்போது ஆறாகிவிடுகிறது. அசம்பு, வீரப்புலி, மகேந்திரகிரி என்று பெயர் கொண்ட காப்புக்காடுகள் இந்த மலைப்பகுதியில் இருக்கின்றன. 2008இல் மாவட்டத்தின் காடுகளில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானை, காட்டுமாடு, சிங்கவால் குரங்கு, புலி எல்லாம் உள்ள காடு.

இவ்வளவு சின்ன ஆற்றில் இவ்வளவு தண்ணீர் எப்படி வருகிறது?

முதல் காரணம் இரண்டு மழை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் எதிர்பார்த்திருக்க, இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி வருகின்றன. கோடையிலும் மலையோரத்தில் மாலை நேரத்தில் இடிமழை உண்டு.

இரண்டாவது காரணம் மலை கடலுக்கு மிக அருகில் நிற்பது. அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று சமவெளியைத் தாண்டிய உடனேயே மலையில் மோதி மேலே ஏறிக் குளிர்கிறது. அதனால் மலையோரத்தில் நனைந்துகொண்டிருக்கிற நாளில்கூட கன்னியாகுமரி முனையில் வெயில் அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு கிழக்கே போகிற காற்றில் அங்கே காற்றாலைகள் சுற்றும், மழை பெரிதாக இருக்காது. ஒரே மாவட்டத்துக்குள் இந்த வித்தியாசம்.

மூன்றாவதுதான் முக்கியம்: காடு. மழை நின்ற பிறகும் ஆற்றில் தண்ணீர் வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் மலையில் நிற்கிற மரங்களும் அதன் அடியில் ஊறிக் கிடக்கிற மண்ணும்தான். மொட்டை மலையில் பெய்த மழை பெய்த வேகத்தில் இறங்கி ஓடிவிடும். காட்டில் பெய்த மழை உள்ளே போய்த் தங்கி, மாதக்கணக்கில் மெதுவாகக் கசியும். பெருஞ்சாணி அணை ஓர் அணை என்றால், அதற்கு மேலே இருக்கிற காடு அதைவிடப் பழைய அணை.

பெருஞ்சாணி அணையை யார், எப்போது கட்டினார்கள்?

1952இல் கட்டி முடித்தார்கள். அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதிதான். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 77 அடி.

அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், பக்கத்துப் பள்ளத்தாக்கில் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை வந்துவிட்டது. 1906இல் வேலை முடிந்த அந்த அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின். அவருடைய கல்லறை இன்றும் பேச்சிப்பாறையில் இருக்கிறது. பேச்சிப்பாறையின் தண்ணீர் மட்டும் போதாமல் போனதால் பரளியாற்றிலும் ஓர் அணை தேவைப்பட்டது. இரண்டும் தனித்தனி ஆற்றில் இருந்தாலும் பாசனக் கணக்கில் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் மட்டம் குறைந்தால் மற்றதில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

புத்தன் அணை என்பது பெருஞ்சாணிக்கு இன்னொரு பெயரா?

இல்லை. பெருஞ்சாணிக்குக் கொஞ்சம் கீழே, அதே ஆற்றில் இருக்கிற தனி அணை. பெரும்பாலும் சுற்றுலா வருகிறவர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். பெருஞ்சாணியைப் போல உயரமாக நிமிர்ந்து நிற்காது, பரந்த நீர்த்தேக்கமும் கிடையாது. பரளியாற்றைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் மாத்தூரைச் சொல்ல மாட்டேன், இந்தப் புத்தன் அணையைத்தான் சொல்வேன்.

பெயர் புத்தன் (புதியது) என்றாலும் இது பெருஞ்சாணியைவிட இரண்டு நூற்றாண்டு மூத்தது. மார்த்தாண்ட வர்மா ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டியது. அன்றைய திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம். தலைநகருக்கும் அதைச் சுற்றியுள்ள நிலங்களுக்கும் தண்ணீர் கொண்டுபோக வெட்டியதுதான் பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாய். ஊரில் கால்வாய் என்று யாரும் சொல்வதில்லை. பி.பி. சானல் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தண்ணீரைத் தேக்கி வைப்பது பெருஞ்சாணியின் வேலை. எந்தத் திசைக்கு எவ்வளவு என்று பிரித்து அனுப்புவது புத்தன் அணையின் வேலை. ஆற்றின் மட்டத்தை உயர்த்தி, பக்கவாட்டில் இருக்கிற மதகுகள் வழியாகச் சானல்களுக்குத் தண்ணீரைத் திருப்புகிறார்கள். ஷட்டர் இறக்கியிருக்கும்போது சானல் வாயில் தண்ணீர் சத்தமில்லாமல் வழுவழுவென்று உள்ளே போகும். எதிரே ஆற்றின் பக்கம் பாறைகள் வெளியே தெரியும். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், மலையில் இருந்து இறங்கிய ஆற்றின் பெரும்பங்கு இங்கேயே திசை மாறிவிடுகிறது என்பது கண்ணுக்குப் படும். நெல்லுக்குத் தண்ணீர் விடுகிற மாதங்களில், அணைக்குக் கீழே பரளியாறு என்று நாம் பார்ப்பது மீதித் தண்ணீரும், வழியில் தோடுகளில் (சிற்றோடைகளில்) இருந்து வந்து சேர்வதும்தான்.

பாண்டியன் கால் என்கிறார்களே, அது என்ன?

பரளியாற்றின் தண்ணீரைப் பழையாற்றுக்குக் கொண்டுபோகிற கால்வாய். பழையாறு தனி ஆறு, தனிப் பள்ளத்தாக்கு. சுருளோட்டுப் பக்கம் தொடங்கி, நாகர்கோவிலை ஒட்டி ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடிக் காயலில் போய் விழுவது. நாஞ்சில் நாட்டின் நெல்வயல்கள் பெரும்பாலும் அதன் படுகையில்தான் இருக்கின்றன. ஆனால் பழையாற்றுக்குச் சொந்தமாக வருகிற மலைத்தண்ணீர் அவ்வளவு வயலுக்கும் போதாது. பரளியாற்றிலோ தண்ணீர் தாராளம், வயல் குறைவு. இரண்டுக்கும் நடுவில் மேடு.

அந்த மேட்டைத் தாண்டித் தண்ணீரைத் திருப்பியது பாண்டியர் காலத்து வேலை. பம்பு இல்லை, குழாய் இல்லை, நில மட்டம் அளக்க இன்றிருக்கிற கருவி ஒன்றும் இல்லை. மலையின் அடிவாரத்தை ஒட்டி, தண்ணீர் தானே ஓடுகிற அளவுக்குச் சரிவு கொடுத்து, ஒரு பள்ளத்தாக்கில் இருந்து இன்னொரு பள்ளத்தாக்குக்குக் கால் வெட்டியிருக்கிறார்கள். சரிவு கொஞ்சம் கூடினால் கரை அரித்துப் போகும், குறைந்தால் வண்டல் படிந்து தூர்ந்துவிடும். கணக்குத் தப்பாமல் வெட்டியதால்தான் பிறகு வந்த திருவிதாங்கூர் அரசும், அதற்குப் பின் வந்த பொதுப்பணித் துறையும் அதே காலையே அகலப்படுத்தியும் கரை கட்டியும் பயன்படுத்தி வந்திருக்கின்றன. நதிநீர் இணைப்பு பற்றி இன்று பெரிய அளவில் பேசுகிறோம். நம் மாவட்டத்தில் அது நூற்றாண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது.

தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் நாடு புத்தனாறு சானல் என்று தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் நாம் பார்க்கிற சானல்கள் எல்லாம் இந்த வழியில் வருகிற தண்ணீரை நம்பியவைதான். பூதப்பாண்டியில் வயலுக்கு மடை திறந்துவிடுகிறவர் கையில் படுவது பரளியாறு இறங்கி வந்த மலையின் தண்ணீர்.

அப்படியானால் பரளியாறு கடைசியில் எந்த இடத்தில் கடலில் கலக்கிறது?

மூன்று இடத்தில். வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவது ஒன்றைத்தான்.

முதல் வழி, ஆறு தன் போக்கில் போவது: மூவாற்றுமுகத்தில் கோதையாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் முகத்துவாரம். இரண்டாவது, புத்தன் அணையில் இருந்து பி.பி. சானலில் போகிற தண்ணீர். அது கல்குளம் தாலுகாவின் குளங்களையும் ஏலாக்களையும் (வயல்வெளிகளையும்) நனைத்து, வடிகால் எல்லாம் வள்ளியாற்றில் சேர்ந்து கடியபட்டணத்தில் கடலைத் தொடுகிறது. மூன்றாவது, பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுக்குப் போய் மணக்குடி. மூன்றும் அரபிக்கடலோரம்தான், ஆனால் மாவட்டத்தின் கடற்கரையில் கிட்டத்தட்ட மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் அருகில் வருகின்றன.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலையில் ஒரு பகுதி காடு அழிந்தால் அந்தக் காட்டுக்கு அருகில் உள்ளவர்களின் பிரச்சினை என்று சமவெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சுசீந்திரத்துக் குளத்துக்கும், தக்கலைப் பக்கத்துக் கிணறுக்கும், தேங்காப்பட்டணத்து மீனவர் வீட்டுக் குடிநீருக்கும் ஒரே மலைதான் தலைமாடு.

பேச்சிப்பாறைத் தண்ணீரும் பரளியாற்றில் வருமா?

வரும். பேச்சிப்பாறையில் இருந்து கோதையாறு இடதுகரைக் கால்வாய் வழியாகத் தண்ணீரைப் புத்தன் அணைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே இரண்டு ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்துதான் சானல்களுக்குப் பிரிகிறது. ஆக, கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் இயற்கையாகச் சேர்வதற்கு முன்பே, மனிதர் வெட்டிய கால்வாயால் புத்தன் அணையில் ஒருமுறை சேர்ந்துவிடுகின்றன.

நாளிதழில் வரும் அணை நீர்மட்டம், மழை அளவுப் பட்டியலை எப்படி வாசிப்பது?

மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் முதலில் புரட்டுகிற பக்கம் அதுதான். நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்று, இரண்டு என்ற இரண்டு அணைகளும் தலா 18 அடி. இவை முழு மட்டங்கள். பட்டியலில் அன்றைய மட்டம், உள்வரத்து, வெளியேற்றம் மூன்றும் இருக்கும். வரத்தும் வெளியேற்றமும் விநாடிக்கு இத்தனை கன அடி என்று போடுவார்கள்.

மட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது. பெருஞ்சாணி 65 அடியில் இருக்கிறது, வரத்து சில நூறு கன அடி என்றால் நிதானமாக இருக்கலாம். அதே 65 அடி, வரத்து ஆயிரக்கணக்கில் என்றால், ஓரிரு நாளில் மறுகால் (உபரிநீர் வெளியேறும் மதகு) திறக்க வாய்ப்பு உண்டு என்று கொள்ள வேண்டும். மட்டம் எழுபதைத் தாண்டிவிட்டால் கரையோரத்தில் வெள்ள எச்சரிக்கை பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

மழை அளவில் பாலமோர் என்ற பெயரைத் தேடுங்கள். மலை மேல் எஸ்டேட் பகுதி அது. நாகர்கோவிலில் தூறல் மட்டும் இருந்து பாலமோரில் கனமழை பதிவாகியிருந்தால், தண்ணீர் கீழே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வானம் தெளிவாக இருக்கிறதே என்று ஆற்றில் இறங்கக் கூடாத நாள் அதுதான்.

அணையை எப்போது திறப்பார்கள்?

பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் மாதம் திறந்து பிப்ரவரி கடைசி வரை விடுவார்கள். இதில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் சாகுபடியும் அடக்கம். கோதையாறு பாசனத் திட்டத்தின் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) மாவட்டத்தில் 79,000 ஏக்கர் என்பது அரசு அறிவிப்புகளில் வழக்கமாக வருகிற கணக்கு. அவ்வளவிலும் இன்று நெல் இல்லை. வாழையும் தென்னையும் ரப்பரும் வீட்டுமனையும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. தென்மேற்குப் பருவமழை பிந்தினால் திறப்பும் பிந்தும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற குரல் ஒவ்வோர் ஆண்டும் எழுவது சானல்கள் தூர்ந்து கிடப்பதாலும்தான்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஓடுவது பரளியாற்றுத் தண்ணீரா?

இல்லை. இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பாலத்தின் மேல் ஓடுவது சிற்றாறு பட்டணங்கால் கால்வாயின் தண்ணீர். கீழே ஓடுவதுதான் பரளியாறு. இரண்டும் அங்கே கலப்பதே இல்லை. ஒன்றை ஒன்று தாண்டிப் போகின்றன.

இந்தப் பக்கத்து நிலம் மேடும் பள்ளமுமாகக் கிடப்பது. மேற்குக் கரை மேட்டில் வந்த கால்வாய், ஆற்றுப் பள்ளத்தைத் தாண்டிக் கிழக்குக் கரை மேட்டைப் பிடித்தால்தான் அந்தப் பக்கத்து நிலத்துக்குப் பாசனம். கீழே இறங்கினால் மறுபடி ஏற முடியாது. அதனால் இரண்டு மேட்டையும் ஒரே மட்டத்தில் இணைத்து ஒரு கான்கிரீட் தொட்டியைக் கட்டிவிட்டார்கள். காமராஜர் முனைப்பில் வந்த திட்டம், 1966இல் முடிந்தது. நீளம் 384 மீட்டர், உயரம் 115 அடி, தூண்கள் 28. தொட்டியின் உள்ளளவு ஏழு அடி உயரம், ஏழரை அடி அகலம்.

தொட்டிக்கு மேலே இடைவெளி விட்டு கான்கிரீட் பலகை போட்டிருக்கிறார்கள், அதன் மேல்தான் நடக்கிறோம். தண்ணீர் விட்டிருக்கும் மாதத்தில் போனால், பலகைக்கு இடையே குனிந்து பாருங்கள். காலடியில் ஒரு கால்வாய் ஓடுவதும், கைப்பிடிச் சுவருக்கு வெளியே நூறடிக்குக் கீழே தென்னை மர உச்சிகளுக்கு நடுவே ஆறு ஓடுவதும் ஒரே நேரத்தில் தெரியும். பாலத்தில் இருந்து படிக்கட்டு வழியாக ஆற்றங்கரைக்கும் இறங்கலாம். பாலம் எவ்வளவு பெரியது என்பது கீழே நின்று தூண்களை அண்ணாந்து பார்க்கும்போதுதான் உறைக்கும்.

மூவாற்றுமுகம் எங்கே? திருவட்டாறு கோயிலுக்கும் ஆற்றுக்கும் என்ன தொடர்பு?

கோதையாறும் பரளியாறும் சேர்கிற இடம் மூவாற்றுமுகம், திருவட்டாற்றுக்குப் பக்கத்தில். வருகிற ஆறு இரண்டு, சேர்ந்து போகிற ஆறு ஒன்று.

ஆதிகேசவப் பெருமாள் கோயில் மேட்டில் இருக்கிறது, ஆறு அந்த மேட்டைச் சுற்றி வளைந்து போகிறது. தலபுராணம் அதற்குக் காரணம் சொல்கிறது. கேசன் என்ற அரக்கனை அடக்கி அவன் மேல் பெருமாள் பள்ளி கொண்டார். அரக்கனின் மனைவி ஆத்திரத்தில் கங்கையையும் தாமிரபரணியையும் வேண்டி வெள்ளமாக வரவழைத்தாள். மூழ்கடிக்க வந்த ஆறுகள் பெருமாளைக் கண்டதும் சுற்றிவந்து வணங்கி ஓடின. உள்ளே 22 அடி நீளத்தில் சயனக் கோலம். நம்மாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் இங்கே குடமுழுக்கு நடந்தது.

ஆற்றங்கரைக் கோயில் என்றால் இது மட்டும் அல்ல. மகாசிவராத்திரிக்கு நடக்கிற சிவாலய ஓட்டத்தில் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்குக் காவி உடுத்து, கையில் விசிறியோடு, ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்கிக்கொண்டு ஓடுவார்கள். அதில் இரண்டாவது திக்குறிச்சி, ஆறுகள் சேர்ந்தபின் வருகிற கரையில். மூன்றாவது திற்பரப்பு, கோதையாற்றுக் கரையில். ஐந்தாவது பொன்மனை, நம் பரளியாற்று வட்டாரம். ஓடுகிற பாதையை வரைந்து பார்த்தால் ஏறக்குறைய இந்த ஆற்றுப் படுகையையே ஒரு சுற்றுச் சுற்றி வருவது தெரியும்.

குழித்துறைத் தாமிரபரணியும் நெல்லைத் தாமிரபரணியும் ஒன்றா?

பெயர் மட்டும்தான் ஒன்று. நெல்லைத் தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து கிழக்கே ஓடி மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. கோதையாறும் பரளியாறும் சேர்ந்து உண்டாகிற குழித்துறைத் தாமிரபரணி மேற்கே அரபிக்கடலுக்குப் போகிறது. குழித்துறையில் ஆடி அமாவாசைக்குப் பலிதர்ப்பணமும் வாவுபலிப் பொருட்காட்சியும் நடப்பது இந்த ஆற்றின் கரையில்தான்.

காட்டுக்குள் போய் ஆற்றின் மேல்பகுதியைப் பார்க்கலாமா?

வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது, முயலவும் வேண்டாம். மலைக்காடுகளில் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவை மனிதர்கள் வாழ்கிற இடங்கள், கேமராவோடு போய்ச் சுற்றிப் பார்க்கிற இடங்களாக எண்ணிவிடக் கூடாது. காட்டோடைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கீரிப்பாறைக்கு மேலே உள்ள காளிகேசத்துக்குப் போகலாம். அங்கே வனத்துறை கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறது, மழை அதிகமானால் மூடிவிடும். நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகப் பாதை. போகிற வழியெல்லாம் ரப்பர் தோட்டம். மரத்தில் சரிவாகக் கீறிய வெட்டும், அதன் அடியில் கம்பியில் செருகிய சிரட்டையில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற பாலும், காலையில் போனால் பார்க்கலாம்.

ஆற்றில் குளிக்கலாமா?

ஊர்க்காரர்கள் தினமும் குளிக்கிற கடவுகளில், அவர்கள் குளிக்கிற நேரத்தில், அவர்களைக் கேட்டுவிட்டு இறங்கலாம். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கறுத்துத் தெரிகிற இடம் ஆழமான கயம். அங்கே இறங்க வேண்டாம். மேலே மழை பெய்தால் நீங்கள் நிற்கிற இடத்தில் தூறல்கூட இல்லாமல் ஆறு ஏறும். அதற்கு அடையாளம் உண்டு: தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், ஓசை மாறும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் துணி, செருப்பு, செல்போன் எதையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். அணையில் இருந்து தண்ணீர் விடும்போதும் மட்டம் இப்படித்தான் உயரும். எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் அதை மதியுங்கள். வெளியூரில் இருந்து வந்து, மது குடித்துவிட்டு ஆற்றில் இறங்குகிறவர்களால் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஏதாவது ஒரு குடும்பம் அழுகிறது.

வெள்ளம், புயல் வந்தால் இந்த ஆற்றுக்கு என்ன ஆகும்?

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி, கடலில் எடுத்த உயிர்களுக்காக நினைவில் நிற்கிறது. அதே நாளில் மலையோரத்தில் ரப்பர் மரங்கள் தோட்டம் தோட்டமாக ஒடிந்து விழுந்தன, காட்டிலும் பெரிய மரங்கள் சாய்ந்தன. மரம் விழுந்த சரிவில் அடுத்த மழைக்கு மண் இறங்கும். அந்த மண் அணையில்தான் படியும். 2021 நவம்பர் மழையில் ஆறும் சானல்களும் ஒருசேரப் பெருகி, பல இடங்களில் சானல் கரை உடைந்து வயல்களும் வீடுகளும் மூழ்கின. ஆறு தன் பள்ளத்தில் ஓடுகிறது, சானலோ மேட்டின் இடுப்பை ஒட்டி ஓடுகிறது. அதனால் சானல் உடைந்தால் தண்ணீர் நேராகக் கீழே இருக்கிற வீட்டுக்குள் போகும். கரையில் ஆக்கிரமிப்பும் அடைத்துக் கிடக்கிற மதகும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆற்றுக்கு இப்போது இருக்கிற பெரிய கேடு எது?

படுகையில் மணல் போய்விட்டதுதான். மணல் இருந்தால் வெள்ளத் தண்ணீர் அதில் இறங்கி, கரையோரக் கிணறுகளில் கோடையிலும் ஊறும். மணலை அள்ளிய இடத்தில் படுகை தாழ்ந்து பாறையும் சேறும் வெளியே வந்துவிட்டது. ஆற்றின் மட்டம் தாழ்ந்தால் பக்கத்துக் கிணற்றின் மட்டமும் தாழும். கீழே முகத்துவாரத்துப் பக்கம் இன்னும் மோசம். ஆறு மெலிகிற மாதங்களில் கடல்நீர் உள்ளே ஏறிக் குடிநீரைக் கெடுக்கிறது. பரக்காணியில் தடுப்பணை கட்டவேண்டி வந்ததே அதற்காகத்தான்.

அடுத்தது கரை. முன்பு நாணலும் மூங்கிலும் மருதும் வேர் பிடித்து நின்ற கரைகளில், தண்ணீர் விளிம்பு வரைக்கும் ரப்பர் வைத்திருக்கிறார்கள். தனியார் ரப்பர் பல குடும்பங்களின் அன்றாடச் சோறு, அரசு ரப்பர் கழகத் தோட்டங்களை நம்பியும் நிறையத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அதனால் ரப்பரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் சில மீட்டர் அகலத்துக்கு மட்டுமாவது பழைய மரங்களை விட்டுவைக்கலாம், இல்லாத இடத்தில் மூங்கில் நடலாம் என்றுதான் கேட்கிறோம். கரை இடிந்து போனால் முதலில் போவது அந்த ரப்பர் மரமும்தான்.

மற்றது குப்பை. குலசேகரம், திருவட்டாறு சந்தைப் பக்கங்களில் தோட்டில் போடுகிற பிளாஸ்டிக் பை அடுத்த மழைக்கு ஆற்றில் இருக்கும். சானலில் போடுவது மதகில் போய் அடைத்து, கடைமடைக்காரரின் வயலைக் காயவைக்கும்.

எப்போது வந்தால் ஆற்றை நன்றாகப் பார்க்கலாம்?

டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி நடுவரை. மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் தெளிந்திருக்கும், சானல்களிலும் தண்ணீர் ஓடும், வயலில் கும்பப்பூ நெல் கதிர் பிடித்து நிற்கும். காலையில் பெருஞ்சாணியில் தொடங்குங்கள். அங்கிருந்து புத்தன் அணை பக்கம்தான். மதகுகளைப் பார்த்துவிட்டு, பொன்மனைக் கோயிலுக்குப் போய், குலசேகரத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம். வெயில் தாழ்ந்தபின் மாத்தூர், அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் திருவட்டாறு. கோயில் நடை மாலையில் திறக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் இருந்தால், புத்தன் அணையில் பிரிந்த தண்ணீரின் பின்னாலேயே சுருளோடு, பூதப்பாண்டி, சுசீந்திரம் என்று மணக்குடி வரை போய் வாருங்கள். பேருந்திலேயே போகலாம், நாகர்கோவிலில் மாறினால் போதும்.